பிள்ளை துப்பிய கீரைக்குள் இத்தனை அதிசயமா? தெரியுமா?

மலாக்காவின் ஜாசினில் அக்கா வீட்டு அடுப்படி. இரண்டு வயது மகனுக்குப் பருப்பும் சாயூர் மானிஸ் கீரையும் பிசைந்த சோற்றை உருட்டி, வாயருகே கொண்டுபோகிறாள் அக்கா. உதடு இறுகுகிறது. தலை சுவர்ப் பக்கம் திரும்புகிறது. எப்படியோ உள்ளே போன ஒரே ஒரு இலை, நாக்கு நுனியில் ஏறி, முகவாயில் வழிந்து, சட்டைப் பொத்தானில் வந்து ஒட்டிக்கொள்கிறது.

“பார்த்தியா இவன் பிடிவாதத்த?”

“அது பிடிவாதம் இல்லக்கா!”

அன்று அக்காவிடம் மூச்சு விடாமல் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்.

பிறக்கும்போது 3 கிலோ இருந்த பிள்ளை, முதல் பிறந்தநாளுக்குள் ஏறக்குறைய 9 கிலோ ஆகிவிடும் தெரியுமா? மூன்று மடங்கு! இரண்டாம் ஆண்டில் கூடுவதோ இரண்டரை கிலோ அளவுதான். வளர்த்தி நிதானப்பட்டால் பசியும் நிதானப்படும். “போன வருசம் நல்லா சாப்பிட்ட பிள்ளை இப்ப ஏன் இப்படி?” என்று தாய்மார்கள் தவிக்கும் தவிப்புக்குப் பாதி விடை இதில் இருக்கிறது.

மீதி விடை இன்னும் வியப்பு! பிள்ளை தானாக நடந்து, கைக்கு எட்டியதைப் பறிக்கத் தொடங்கும் வயதில்தான் புது உணவைக் கண்டு பயமும் தொடங்குகிறது. செடிகொடிகளில் இருக்கும் நஞ்சுகள் பல கசப்பானவை. தெரியாததைத் தொடாதே, கசந்தால் துப்பு என்று உடம்பே பிள்ளைக்குப் போட்டுவைத்த காவல் இது என்கிறார்கள் ஆய்வாளர்கள். இரண்டு வயது முதல் ஆறு வயது வரை இந்தக் காவல் கடுமையாக இருக்கும். இங்கிலாந்தில் 8 முதல் 11 வயது இரட்டைப் பிள்ளைகளை வைத்து 2007இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, பிள்ளைக்குப் பிள்ளை இந்தத் தயக்கம் வேறுபடுவதில் 78 விழுக்காட்டுக்குப் பிறவிக்கூறுதான் காரணம் என்று கணக்கிட்டது. ஆகவே, “உன் சமையல் சரியில்லை” என்று யாராவது சொன்னால், தாய்மார்களே, மனம் நோகாதீர்கள்!

சரி, நாக்கு எப்போது பாடம் படிக்க ஆரம்பிக்கிறது தெரியுமா? கருப்பையில்! 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சுமார் நூறு கர்ப்பிணிகளைச் சோதித்தார்கள். சிலருக்கு கேரட் மாத்திரை, சிலருக்கு கேல் என்ற கசப்புக் கீரை மாத்திரை. இருபது நிமிடம் கழித்து ஸ்கேனில் பார்த்தால், கேரட் சுவை சேர்ந்த சிசுவின் முகம் சிரிப்பதுபோல் மலர்கிறது. கீரை சேர்ந்த சிசு முகம் சுளிக்கிறது!

நம் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்பும் பால்சுறாப் புட்டும் ஊட்டுவார்களே, அந்தப் பூண்டு என்ன செய்கிறது தெரியுமா? தாய்ப்பாலிலேயே மணக்கிறது. அமெரிக்காவின் மோனெல் ஆய்வு மையத்தில் ஜூலி மெனெல்லாவும் கேரி பொஷாம்பும் 1991இல் வெளியிட்ட ஆய்வில், தாய் பூண்டு உண்ட பிறகு குழந்தைகள் மார்பை விடாமல் கூடுதல் நேரம் பற்றியிருந்தன! பத்தியம் என்ற பெயரில் நம் பாட்டிகள் பிள்ளைக்கு ரசத்தையும் குழம்பையும் அறிமுகம் செய்துவைத்திருக்கிறார்கள்.

இப்போது அக்கா வீட்டுக் கீரைக்கே வருவோம். தமிழகத்தில் அதைத் தவசிக்கீரை என்கிறார்கள். ஆனால் கேரளத் தோட்டங்களில் அதன் பெயர் என்ன தெரியுமா? செக்கூர்மானிஸ்! சாயூர் மானிஸுக்கு நம்ம ஊரில் உள்ள இன்னொரு மலாய்ப் பெயரேதான்! முருங்கையும் கறிவேப்பிலையும் கப்பலேறி இங்கே வந்த கதை நமக்குத் தெரியும். ஒரு கீரை, பெயரோடு அங்கே போன கதை எத்தனை பேருக்குத் தெரியும்? (அதை வேகவைத்தே கொடுங்கள். பச்சைச் சாறு வேண்டவே வேண்டாம்.)

கீரை இருக்கட்டும், பிள்ளை யாரோடு உட்கார்ந்து உண்கிறது என்பதிலும் ஒரு கதை இருக்கிறது. மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் நம் மலாக்காவில்தான், புக்கிட் லிந்தாங்கில், 1896இல் டான் சாய் யான் போட்டது. பின்னர் தோட்டங்கள் பெருகின, லயங்கள் எழுந்தன. விடியுமுன் பெரட்டுக்கு ஓடும் தாய், தூங்கும் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுப் போவாள். அங்கே வரிசையாக ஏணைகள், வரிசையாக மங்குத் தட்டுகள். ஒரு பிள்ளை கஞ்சியில் கைவைத்தால் பக்கத்துப் பிள்ளையும் கைவைக்கும். இதையே ஆய்வாக்கிக் காட்டினார் அமெரிக்க உளவியலாளர் லியான் பர்ச். ஒரு காய்கறி பிடிக்காத பிள்ளையை, அதை விரும்பும் பிள்ளைகளோடு சேர்த்துச் சில நாள் உட்காரவைத்தார். பிடிக்காத பிள்ளையும் அதையே எடுக்கத் தொடங்கியது! 1980இல் வெளிவந்தது அந்த ஆய்வு. இன்று ஆயாக் கொட்டகைகள் போய்விட்டன. பிள்ளை தனியாக, கைப்பேசித் திரைக்கு முன்னால் உண்கிறது. எனக்கு மனம் வலிப்பது இதில்தான். பிள்ளை யாரைப் பார்த்து உண்ணப் பழகும்?

பார்த்துப் பழகினால் மிளகாய்கூட இனிக்கும்! மெக்சிகோ கிராமம் ஒன்றில் பால் ரோசின் என்ற ஆய்வாளர் கண்டது இது. யாரும் பிள்ளைக்கு மிளகாயைத் திணிப்பதில்லை, பரிசும் இல்லை. பெரியவர்கள் ருசிப்பதைப் பார்த்தே பிள்ளை கேட்டு வாங்குகிறது. அந்த மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். 1511இல் மலாக்காவைப் பிடித்த அதே போர்ச்சுகீசியர் ஆசியாவுக்குக் கொண்டுவந்தது. நம் முப்பாட்டன்மாருக்கு மிளகாய் ஒரு காலத்தில் புது உணவு! புதுச் சுவை பழகிப்போனதற்கு இன்னொரு சான்றாக, காஜா பெராங்கின் மலாக்கா செட்டிச் சமூகத்தாரைப் பாருங்கள். சுல்தான்கள் காலத்தில் வந்த தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள். வீட்டில் பேசுவது மலாய், கும்பிடுவது மாரியம்மனை. போகியன்று முன்னோருக்கு வாழையிலையில் அவர்கள் படைக்கும் படையலில் தமிழ்ச் சுவையும் மலாய்ச் சுவையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்.

“கீரை சாப்பிட்டா கோரெங் பீசாங் தர்றேன்” என்று ஆசை காட்டுகிறோமே, அதன் பலன் தெரியுமா? பர்ச் இதையும் சோதித்தார். குடித்தால் பரிசு என்று ஒரு பானத்தைக் கொடுத்தபோது, பிள்ளைகளுக்கு அந்தப் பானத்தின் மேல் இருந்த விருப்பம் குறைந்துபோனது! பரிசு கொடுத்துத் தள்ளவேண்டிய பண்டம் நல்ல பண்டமாக இருக்காது என்று பிள்ளை நினைக்கிறது போலும். இனிப்பை ஈடாகக் கொடுப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு: வயிறு நிறையும், சத்து சேராது. மலாக்காவும் சிங்கப்பூரும் ஒரே குடியேற்ற ஆட்சியில் இருந்த 1939இல், சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் ‘பாலும் கொலையும்’ என்ற தலைப்பில் பேசினார். இனிப்புக் கட்டிப்பாலைத் தாய்ப்பாலுக்கு ஈடென்று ஏழைத் தாய்மாரிடம் விற்றவர்களை அவர் வெளுத்து வாங்கினார். 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 21.8 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்களாக இருந்தார்கள். வயிறு நிறைந்தால் மட்டும் போதாது.

அப்படியானால் துப்பிய கீரையை எத்தனை முறை கொடுக்கலாம்? எட்டு முதல் பதினைந்து முறை! நாமோ மூன்றாம் முறையிலேயே “இவனுக்குப் பிடிக்காது” என்று கைகழுவிவிடுகிறோம். நக்கித் துப்பினாலும் அது ஒரு முறைதான். பிள்ளை எடை குறைந்தாலோ, விழுங்கும்போது புரையேறிக்கொண்டே இருந்தாலோ, தாய் சேய் நல கிளினிக்குக்கு உடனே தூக்கிக்கொண்டு போங்கள். ரம்புத்தான், லோங்கான் பழங்களைக் கொட்டை எடுத்து, பிய்த்துக் கொடுங்கள். ஒரு வயதுக்கு முன் தேன் ஒரு சொட்டும் வேண்டாம்.

அக்கா மகன் பதினோராம் முறை அந்தக் கீரையை மென்று விழுங்கினான். அன்று யாரும் ஊட்டவில்லை. அக்கா தன் தட்டில் பிசைந்து தின்றுகொண்டிருந்தாள், அவன் கைநீட்டினான். தாய்மார்களே, அப்பாக்களே, இன்றிரவு பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து நீங்களும் சாப்பிடுங்கள். அதன் தட்டோரத்தில் ஒரு துண்டு கீரையை மட்டும் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் இருங்கள்.