கலமும் உடற்றொழிலும்: பட்டத்தின் பின் ஒரு பாதை

உயர்தர வகுப்பில் உயிரியலும் இரசாயனவியலும் பயிலும் பிள்ளையைக் கண்டால், "டொக்டருக்குத்தானே படிக்கிறாய்?" என்று கேட்பது நம்மவரிடையே வழக்கமாகிவிட்டது. மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தால் வீடெங்கும் மகிழ்ச்சி. கிடைக்காமல் உயிரியல் சார்ந்த வேறொரு பட்டப்படிப்புக்குச் சென்றாலோ, அப்பிள்ளையைத் தவறிப்போன மருத்துவராகவே உறவினர் நோக்குகின்றனர். ஆயினும், மருத்துவர் எழுதித் தரும் மருந்தின் பின்னாலும், நோயைப் பற்றி அவர் அறிந்துள்ள செய்திகளின் பின்னாலும், யாரோ சிலர் ஆய்வுகூடத்தில் கழித்த நீண்ட ஆண்டுகள் இருக்கின்றன என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

அத்தகைய ஆய்வாளர் உருவாகும் வழியே பட்டப்பின் படிப்பு. கல உயிரியலும் உடற்றொழிலியலும் மருத்துவ அறிவுக்கு அத்திவாரமாக விளங்கும் இரு துறைகள். இவற்றிலே கலாநிதிப் பட்டத்துக்குப் படிப்பதென்றால் என்ன, அதற்கு எவ்வளவு காலமும் பொருளும் வேண்டும், அது எத்தகைய மனத்தைக் கேட்கின்றது என்பவற்றை மாணவரும் பெற்றோரும் ஒருங்கே அறிந்துகொள்ளும் பொருட்டு இக்கட்டுரை வரையப்படுகின்றது.

கலமும் உடலும்

இலங்கைப் பாடநூல்களில் 'கலம்' எனவும், தமிழகப் பாடநூல்களில் 'செல்' எனவும் வழங்குவது உயிரின் மிகச் சிறிய அலகாகும். 1665ஆம் ஆண்டிலே றொபேட் ஹூக் என்னும் ஆங்கிலேய அறிஞர், தக்கையின் மெல்லிய சீவலை நுணுக்குக்காட்டியில் வைத்து நோக்கி, தாம் கண்ட சிற்றறைகளுக்கு இட்ட பெயரே ஆங்கிலத்தில் இன்றும் நிலைத்துள்ளது. வளர்ந்த மனித உடலில் 30 இலட்சம் கோடி அளவிலான கலங்கள் உள்ளன எனக் கணித்துள்ளனர். ஒரு கலத்தின் உள்ளே நடைபெறுவன யாவை என்று ஆராய்வது கல உயிரியல். கலங்கள் சேர்ந்து இழையமாகி, இழையங்கள் சேர்ந்து உறுப்பாகி, உறுப்புக்கள் ஒன்றோடொன்று இசைந்து உடலை எவ்வாறு இயக்குகின்றன என்று ஆராய்வது உடற்றொழிலியல்.

இரண்டுக்கும் உள்ள உறவை நம் வீட்டிலுள்ள ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். சோறு உண்டபின் குருதியிலே குளுக்கோசின் அளவு உயர்கின்றது, பின்னர் இறங்குகின்றது. இறங்கச் செய்வது சதையி என்னும் உறுப்பிலிருந்து வரும் இன்சுலின் என்பது உடற்றொழிலியல் தரும் விடை. அந்த இன்சுலின் உரிய வேளையில் எவ்வாறு வெளிவருகின்றது என்று கேட்டால், கல உயிரியலிடம் செல்லவேண்டும். சதையியின் பீற்றாக் கலத்தினுள் குளுக்கோசு புகுந்து சக்தியாக மாறுகின்றது. அதனால் கலமென்சவ்விலுள்ள பொற்றாசிய வாயில்கள் மூடிக்கொள்ள, கல்சிய வாயில்கள் திறக்கின்றன. உட்புகுந்த கல்சியம், இன்சுலினை அடைத்து வைத்திருக்கும் நுண்ணிய பைகளை மென்சவ்வோடு இணையச் செய்கின்றது. பைகள் வெளிப்புறமாகத் திறந்து இன்சுலினைக் குருதியிற் சேர்க்கின்றன.

நீரிழிவு நோய் நம் குடும்பங்கள் பலவற்றிலும் உண்டு. தெற்காசிய மரபினருக்கு அந்நோய் ஏற்படும் வாய்ப்பு ஐரோப்பியரிலும் பார்க்க அதிகம் என்பதும் அறியப்பட்டதே. அதனைப் புரிந்துகொள்ள உறுப்பை மட்டும் அறிந்தாலும் போதாது. கலத்தை மட்டும் அறிந்தாலும் போதாது. இது கருதியே, அமெரிக்காவின் சென்ற் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம் முதலிய சில இடங்களில் இவ்விரண்டும் ஒரே துறையாக அமைந்துள்ளன.

நாடற்று வந்த ஒரு மாணவர்

பட்டப்பின் படிப்பு என்பது யாது என்று கேட்போருக்கு பேர்னாட் கற்ஸ் என்பவரின் வரலாறு நல்ல விடையாகும். இவர் 1911இல் ஜேர்மனியின் லைப்சிக் நகரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்தார். 1934இல் அங்கேயே மருத்துவப் பட்டம் பெற்றார். ஹிட்லரின் ஆட்சியில் யூதர்க்கு வாழ்வில்லை என்று கண்டு, 1935இல் எந்நாட்டுக் குடியுரிமையும் இல்லாதவராய் இங்கிலாந்து வந்து சேர்ந்தார். இலண்டன் யூனிவேர்சிற்றிக் கல்லூரியின் உடற்றொழிலியல் அறிஞர் ஏ. வி. ஹில் அவரைத் தம் மாணவராக ஏற்றுக்கொண்டார். தசையின் வெப்பத்தை ஆராய்ந்து 1922ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பெற்ற ஹில், நாடிழந்த அறிஞர்களுக்கு உதவ 1933இல் அமைக்கப்பட்ட சபையின் நிறுவனர்களுள் ஒருவருமாவார். அச்சபை வேறு பெயரில் இன்றும் இயங்கிவருகின்றது.

கற்ஸ் ஏற்கெனவே மருத்துவர். இருந்தும் மீண்டும் மாணவராகி, 1938இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு அவுஸ்திரேலியாவின் சிட்னி நகருக்குச் சென்று ஆய்வைத் தொடர்ந்தார். போர்க்காலத்தில் அந்நாட்டு விமானப்படையில் ராடர் அலுவலராகப் பணிபுரிந்து, 1946இல் இலண்டனுக்குத் திரும்பினார்.

நரம்பு தசைக்குக் கட்டளையிடும்போது நரம்பின் நுனியிலிருந்து அசற்றைல்கோலின் என்னும் இரசாயனம் வெளிவருகின்றது என்பது அப்போது அறியப்பட்டிருந்தது. அது எவ்வாறு வெளிவருகின்றது என்பது எவருக்கும் தெரியவில்லை. தவளையின் தசைநாரில் மிக நுண்ணிய கண்ணாடி மின்வாயைச் செருகி, கற்ஸும் போல் ஃபற் என்பவரும் மின்னழுத்தத்தை அளந்தனர். நரம்பைத் தூண்டாமல் விட்டிருந்த வேளையிலும் அரை மில்லிவோல்ற்று அளவிலான சிறு துடிப்புக்கள் ஒழுங்கின்றித் தோன்றிக்கொண்டிருந்தன. கருவியின் இரைச்சல் என்று அவற்றைத் தள்ளிவிட்டிருக்கலாம். அவர்கள் தள்ளவில்லை. நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்துக்கு அருகில் மட்டுமே அவை தெரிந்தன. குராரே நஞ்சை இட்டவுடன் மறைந்தன. ஆகவே அவை உயிருள்ள இழையத்தின் செயலே என்று 1952இல் எழுதினர். பின்னர் கல்சியத்தைக் குறைத்து நரம்பைத் தூண்டியபோது, தசையின் மறுமொழி அச்சிறு துடிப்பின் ஒரு மடங்கு, இரு மடங்கு, மும்மடங்கு எனப் படிப்படியாகவே வந்தது. அசற்றைல்கோலின் துளித்துளியாகக் கசிவதில்லை. சமஅளவான பொதிகளாக வெளிவருகின்றது என்ற முடிவு இவ்வாறு பெறப்பட்டது.

அதே காலத்தில் இலத்திரன் நுணுக்குக்காட்டியைக் கொண்டு கலத்தை ஆராய்ந்தோர், நரம்பின் நுனியிலே ஒரு மில்லிமீற்றரின் 20,000இல் ஒரு பங்கு அளவான பைகள் நிறைந்திருப்பதைக் கண்டனர். உடற்றொழிலியல் எண்ணிய பொதியைக் கல உயிரியல் கண்ணாற் கண்டது. கற்ஸ் 1970இல் மேலும் இருவருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அப்பைகள் கலத்தினுள் எவ்வாறு பயணம் செய்து உரிய இடத்திலும் உரிய நேரத்திலும் திறக்கின்றன என்று விளக்கிய றொத்மன், ஷெக்மன், சூடொஃப் ஆகிய மூவருக்கும் 2013இல் நோபல் பரிசு கிடைத்தது. மேலே கூறிய இன்சுலின் பைகளைத் திறக்கும் பொறிமுறையும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். தவளையின் தசையில் எழுந்த ஒரு வினா, நீரிழிவு நோயாளியின் சதையி வரை வந்துள்ளது.

படிப்பின் படிகள்

முதற்பட்டத்தில் மாணவர், பிறர் கண்ட விடைகளைக் கற்கின்றார். கலாநிதிப் படிப்பிலோ, விடை எந்த நூலிலும் இல்லாத வினாவொன்றை எடுத்துக்கொள்கின்றார். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. வகுப்பில் முதலாவதாக வரும் பிள்ளை ஆய்விலும் முதலாவதாக வரும் என்று கூறமுடியாது. பரீட்சைக்கு விரைவு வேண்டும். ஆய்வுக்குப் பொறுமை வேண்டும்.

இங்கிலாந்தில் முதற்பட்டம் பெரும்பாலும் மூன்று ஆண்டுகள், ஸ்கொட்லாந்தில் நான்கு. கலாநிதிப் படிப்பில் சேரப் பொதுவாக முதலாம் வகுப்போ, இரண்டாம் வகுப்பின் மேற்பிரிவோ எதிர்பார்க்கப்படும். இடையில் ஓராண்டு முதுமாணிப் பட்டம் பெறுவோரும் உளர். கோடை விடுமுறையில் ஆய்வுகூடமொன்றில் சில வாரங்கள் பணியாற்றிய அனுபவம் விண்ணப்பத்துக்கு வலுச் சேர்க்கும். அதனிலும் முக்கியமாக, அவ்வேலை தமக்குப் பிடிக்குமா என்பதை மாணவர் தாமே அறிந்துகொள்ள அது உதவும்.

கலாநிதிப் படிப்பு பிரித்தானியாவில் மூன்று முதல் நான்கு ஆண்டுகள். அமெரிக்காவிலோ ஐந்து, ஆறு ஆண்டுகள் ஆகலாம். அங்கு முதலாண்டில் பாடங்களைக் கற்பதோடு இரண்டு மூன்று ஆய்வுகூடங்களில் மாறிமாறிப் பணியாற்றி, பின்னரே ஒன்றைத் தெரிவு செய்வர். எந்நாடாயினும் வழிகாட்டும் பேராசிரியரைத் தெரிவு செய்வதிலே மிகுந்த கவனம் வேண்டும். அவரது புகழை மட்டும் பாராது, அவரிடம் முன்பு படித்தவர்கள் இன்று எங்கே இருக்கின்றனர் என விசாரித்து அறிதல் நன்று.

ஆய்வு மாணவரின் நாள், கலங்களை வளர்க்கும் கிண்ணங்களைப் பேணுதல், அளத்தல், பதிதல், கணித்தல், பிறர் எழுதிய கட்டுரைகளை வாசித்தல் என்றவாறு கழியும். கலங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது; வார இறுதியிலும் அவற்றுக்கு உணவு மாற்றவேண்டும். பரிசோதனைகளிற் பெரும்பாலானவை முதன்முறையிற் பலிப்பதில்லை. ஏன் பலிக்கவில்லை என்பதைக் குறிப்பேட்டில் நேர்மையாகப் பதிந்து, மறுநாள் ஒன்றை மட்டும் மாற்றிச் செய்துபார்ப்பதே இப்படிப்பின் உண்மையான பாடம். இறுதியில் ஆய்வேடு எழுதி, அத்துறை வல்ல பரீட்சகர் முன்னிலையில் வாய்மொழித் தேர்வுக்கு அமர்ந்து, ஒவ்வொரு முடிவுக்கும் ஆதாரம் கூறவேண்டும்.

பெற்றோர் அறியவேண்டியவை

முதலில் பொருள் பற்றிக் கூறவேண்டும். விஞ்ஞானத் துறைகளில் நிதியுதவி பெறும் ஆய்வு மாணவருக்குக் கட்டணம் செலுத்தப்படுவதோடு வாழ்க்கைச் செலவுக்கான உதவித்தொகையும் வழங்கப்படுகின்றது. பிரித்தானிய அரசின் ஆராய்ச்சி நிதி அமைப்பு 2025–26 கல்வியாண்டுக்கு விதித்த ஆகக் குறைந்த தொகை 20,780 பவுண். பொதுவாக இதற்கு வருமான வரி இல்லை. வசதியாக வாழப் போதாது, சிக்கனமாக வாழலாம். வெல்கம் அறக்கட்டளை, பிரித்தானிய இருதய நிறுவனம் போன்றவையும் உதவுகின்றன. இவ்விடங்களுக்குப் போட்டி கடுமையானது.

அடுத்தது எதிர்காலம். கலாநிதிப் பட்டம் பெறுவோரில் சிறு பகுதியினரே பேராசிரியர் ஆகின்றனர். பட்டத்தின் பின் இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தங்களிலே பணியாற்றி, ஊர்விட்டு ஊரும் நாடுவிட்டு நாடும் மாற நேரிடலாம். மருந்து உற்பத்தி நிறுவனங்கள், மருத்துவமனை ஆய்வுகூடங்கள், மருந்துகளை அங்கீகரிக்கும் அரச அலுவலகங்கள், காப்புரிமைத் துறை, கற்பித்தல் ஆகியவற்றிலும் இவர்களுக்கு இடமுண்டு. ஆனால் மருத்துவருக்குரிய உறுதியான படிநிலை இங்கில்லை. அகதிகளாய் வந்து, உறுதியான தொழிலொன்றே பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு என்று எண்ணும் பெற்றோரின் அச்சம் நியாயமானது. அதனை அறியாமை என்று எவரும் இகழலாகாது. எனினும், ஈடுபாடின்றி மருத்துவம் பயிலும் பிள்ளைக்கும் அத்தொழில் சுமையாகும். அவரிடம் வரும் நோயாளிக்கும் அது நன்மையன்று. மருத்துவத்தையும் ஆய்வையும் இணைத்துப் பயிலும் வழியும் உண்டு என்பதை இரண்டிலும் விருப்புடையோர் கவனத்திற் கொள்வாராக.

தமிழுக்கும் இத்துறைக்கும் பழைய உறவு உண்டு. 19ஆம் நூற்றாண்டிலே மானிப்பாயில் பணியாற்றிய சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர், உடற்றொழிலியல் முதலிய மருத்துவப் பாடங்களை நம் மாணவருக்குத் தமிழிற் கற்பித்து, அவற்றுக்கான நூல்களையும் தமிழிலே ஆக்குவித்தார். கலம், மென்சவ்வு, இழையம், சதையி என்னும் சொற்களை அறிந்துகொண்ட பிள்ளை, தான் ஆய்வுகூடத்திற் செய்வதைத் தன் பாட்டிக்கும் விளக்கிச் சொல்லலாம். நீரிழிவுக்கு நாள்தோறும் ஊசி போட்டுக்கொள்ளும் அந்தப் பாட்டிக்கு அதை அறியும் உரிமை உண்டு.

மாணவச் செல்வங்களே, உங்கள் பாடநூலில் "இதற்குக் காரணம் இன்னும் தெளிவாகவில்லை" என்னும் வரியைக் காணும்போது அடுத்த பக்கத்துக்கு விரைந்து செல்லாதீர்கள். அவ்வரியிலே நின்று ஏன் என்று கேட்க உங்கள் மனம் விரும்பினால், அதனைப் பெற்றோரிடம் சொல்லுங்கள். பெற்றோரே, அவ்வாறு சொல்ல வரும் பிள்ளையிடம் மதிப்பெண்ணைக் கேட்குமுன், அந்த வினா என்னவென்று கேளுங்கள்.