புகையும் ஈரவிறகும்

மலையிலே புகையைக் கண்டவன் ஆங்கே நெருப்பு உண்டென்று துணிகிறான். தன் வீட்டு அடுக்களையைச் சான்றாகக் கொள்கிறான். தருக்கம் பயிலத் தொடங்கும் மாணவன் முதலிற் கேட்கும் அனுமானம் இதுவாகும். அன்னம்பட்டர் இயற்றிச் சிவஞான முனிவர் தமிழ்ப்படுத்திய தருக்கசங்கிரகம் இதன் மறுதலையையும் ஆராய்கின்றது. புகையைக் கொண்டு தீயை ஊகிக்கலாம். தீயைக் கொண்டு புகையை ஊகித்தல் பொருந்தாது. பழுக்கக் காய்ந்த இரும்பிலே தீ உண்டு, புகை இல்லை. தீயிற் புகை தோன்றுதற்கு ஈரவிறகின் சேர்க்கை என்னும் உபாதி வேண்டும் என்பது தருக்க நூலார் கொள்கை. இரு பருவக்காற்றுகளும் மழை பொழியும் கண்டி மலைச்சாரலில் அடுப்பு மூட்டுவோர் இவ்வுபாதியை நூல் கல்லாமலே நன்கறிவர்.

இன்றைய இரசாயனம் இதற்குக் கூறும் விளக்கமும் சுவையுடையது. விறகு சூடேறியதும் அதன் உலர்நிறையில் ஏறத்தாழ முக்காற்பங்கு வாயுவாகவும் ஆவியாகவும் வெளிப்படுகின்றது. அவ்வாவி எரிந்தாற் சுவாலை. எரியாது தப்பினாற் புகை. அது தானாக முற்றும் எரிதற்கு ஏறத்தாழ 600 பாகை சதமவளவை வெப்பமும் போதிய ஒட்சிசனும் வேண்டும். ஈரவிறகிலோ ஒரு கிலோகிராம் நீரை ஆவியாக்க மட்டும் 2260 கிலோயூல் வெப்பம் செலவாகின்றது. அதனால் தீ குளிர்கிறது. ஆவி எரியாமலே வெளியேறுகிறது. ஆகவே, கண்ணைக் கரிக்கும் புகை என்பது காசு கொடுத்து வாங்கியும் எரிக்கப்படாத விறகேயாம்.

குளிர்நாட்டார் இப்புகையையும் எரித்துவிடக் கருவி கண்டனர். தேனடை போன்ற துளைகளையுடைய பீங்கான் கட்டி ஒன்றிற்குப் பிளாற்றினம் அல்லது பலேடியம் பூசி, அடுப்பின் மேற்பகுதியில் வைத்தனர். அவ்வுலோகம் ஊக்கியாக நிற்க, 260 பாகையளவிலேயே புகை எரிந்துவிடும். ஐக்கிய அமெரிக்காவில் 1988 இல் விறகடுப்புப் புகைக்கு அரசு வரம்பு விதித்தபின் இத்தகைய அடுப்புகள் பெருகின. ஆயினும் இக்கட்டி மிக நொய்தானது. சாம்பல் துளைகளை அடைக்கும். ஈரவிறகை இட்டாற் சடுதியான வெப்பமாற்றத்தால் வெடிக்கும். வண்ணம் பூசிய பலகையையும் பிளாத்திக்கையும் எரித்தால் ஊக்கி நஞ்சேறிச் செயலிழக்கும். அடைபட்டபின் புகை மேலேறாது. கதவைத் திறந்ததும் அறைக்குள்ளே பாயும். செயலிழந்த கட்டியை நம்பிக் காற்றைக் குறைத்து மந்தமாக எரிப்பவன் புகைபோக்கியிலே தாரைப் படியவைக்கிறான். அத்தார் பின்னொருநாள் தீப்பற்றும். கருவி பழுதாவதிலும் பார்க்க, பழுதை அறியாது அதனை நம்பியிருத்தலே பெருங்கேடு.

கண்டியில் அத்தகைய அடுப்பைத் தேடுதல் வீண். இங்குள்ளது குயவர் வனையும் அனகி அடுப்பு. அனகி என்னும் சிங்களச் சொல் மிகச் சிறந்தது எனப் பொருள்படும். 1980களில் உருவாகிய இவ்வடுப்பைப் பரப்பியதில் கண்டியைத் தலமாகக் கொண்ட ஒருங்கிணைந்த அபிவிருத்திச் சங்கத்துக்கும் பங்குண்டு. ஒரே மட்கலமாக, இரு பானைகளை ஏற்கும் வண்ணம் அமைந்தது அது. சுவாலை முதற்பானையைச் சூடாக்கி, ஒரு குழிவழியே சென்று இரண்டாவதையும் சூடாக்குகிறது. மண்சுவர் வெப்பத்தைத் தேக்குவதால் மூன்று கல் அடுப்பினும் விறகு குறைவாகவே செல்லும். பிளாற்றினம் இல்லை, சூடேறிய மண்ணும் அளவான காற்றுவழியுமே இதன் பொறிநுட்பம்.

பழுதும் அவ்வழியிலேயே வரும். பானையைத் தாங்கும் குமிழ்கள் தேய்ந்தாலோ உடைந்தாலோ பானை விளிம்பிற் படிந்து வாயை மூடிவிடும். போக்கற்ற புகை விறகிடும் வாயால் மீளும். தேனடை அடைபட்ட அமெரிக்க அடுப்புக்கு நேர்வதும் இதுவேயன்றோ! சாம்பல் நிறைந்த குழியும் இதே தீங்கைச் செய்யும். சுவரில் வெடிப்பு விழுந்தால் வேண்டாத இடத்திற் காற்று நுழைந்து தீயைக் குளிர்விக்கும்.

2021 இறுதியிற் சமையல்வாயு வெடிப்புகள் இலங்கை மக்களை அச்சுறுத்தின. 2022 இல் வாயுவே கிடையாது போயிற்று. நகரத்தாரும் விறகுக்கு மீண்டனர். வாயு அடுப்புக்கென அமைந்த, சாளரம் சிறுத்த அடுக்களைகளில் புகை தேங்கியது. தோட்டப்புறத்து லயங்களிலோ இது புதிதன்று. ஒரே காம்பராவில் உறங்கலும் சமைத்தலும் நிகழ, கவ்வாத்து மிலாறு ஈரத்தோடே அடுப்பேறும். வீட்டுக்குள் எழும் இத்தகைய புகையால் உலகெங்கும் 2020 இல் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் மாண்டனர் என உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. அடுப்பருகே நெடுநேரம் இருப்போர் பெண்களும் அவர்தம் மடிக்குழந்தைகளுமே.

பழுதுற்ற அடுப்பை உடனே மாற்ற இயலாதோர்க்கும் வழி உண்டு. குமிழ் தேய்ந்த இடத்தில் ஓட்டுத்துண்டுகளைச் சமமாக வைத்துப் பானையை விரற்கிடை உயர்த்தலாம். வெடிப்பைக் களிமண்ணும் உமியும் குழைத்துப் பூசலாம். அது நன்கு காய்ந்தபின்னரே தீ மூட்டல் வேண்டும். விறகைச் சிறிதாகப் பிளந்து, மழைபடாத தாழ்வாரத்திற் காற்றோட்டமாக அடுக்குதல் நன்று. இரு துண்டுகளை மோதும்போது கணீரென ஒலித்தால் அது உலர்ந்தது. மந்தமாக ஒலித்தால் இன்னும் சில கிழமை கிடக்கட்டும்.