பெயரைக் காக்கும் தொழிலில் நமக்கு இடமுண்டா?

தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் கிண்டி நோக்கிச் செல்கையில் குரோம்பேட்டை வருகிறது. குரோம் முறையில் தோல் பதனிட்ட ஒரு கம்பெனியால் அவ்வூருக்கு அப்பெயர் வந்தது. தமிழகத் தோல் தொழிலின் உழைப்பில் பெரும்பங்கு தலித் மக்களுடையது. நிலைத்த பெயரோ கம்பெனியுடையது. அதே சாலையில், கிண்டியில், தென் மாநிலங்களுக்கான வணிகச் சின்னப் பதிவகம் இயங்குகிறது. பெயருக்கு உரிமை பெற்றுத்தரும் டிரேட்மார்க் வழக்கறிஞர் எவ்வாறு உருவாகிறார்?

காப்புரிமை முகவராவதற்கு அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் வேண்டும். டிரேட்மார்க் துறையில் அத்தடை இல்லை. 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டப்படி, எந்த வழக்கறிஞரும் பதிவகத்தின் முன் கட்சிக்காரருக்காக முன்னிலையாகலாம். 21 வயது நிரம்பிய பட்டதாரி, சட்டம் படிக்காதவராயினும், உரிய தேர்வில் வென்று முகவராகலாம். நீதிமன்றத்தில் வாதிட மட்டும் இயலாது.

பொருள்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. உரிய வகுப்பைத் தேர்வது, ஒத்த பெயர் முன்னரே உள்ளதா எனத் தேடுவது, பதிவகத்தின் ஆட்சேபத்துக்கு மறுமொழி எழுதுவது, எதிர்ப்பு மனுக்களை எதிர்கொள்வது ஆகியவை அன்றாடப் பணிகள். 2021இல் மேல்முறையீட்டு வாரியம் கலைக்கப்பட்டபின், மேல்முறையீடுகள் உயர் நீதிமன்றத்துக்கே செல்கின்றன.

இப்பணிகளை மூத்த வழக்கறிஞரின் அலுவலகமே கற்றுத்தருகிறது. தடையும் அங்கேதான் தொடங்குகிறது. உயர் நீதிமன்றத்தை ஒட்டியிருந்த டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி, 2018இல் புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் மாற்றப்பட்டது. படிக்கும்போதே நீதிமன்றத்துக்கு நடந்து சென்று பழகும் வாய்ப்பு அத்துடன் போயிற்று. நல்ல அலுவலகத்தில் சேர அறிமுகம் வேண்டும். வருமானமற்ற தொடக்க ஆண்டுகளைக் கடக்கச் சேமிப்பு வேண்டும். இவ்விரண்டும் நம் சமூகத்தில் சாதிவாரியாகவே பங்கிடப்பட்டுள்ளன.

எனவே 2024இல் வந்த இரு உத்தரவுகளை நாம் அறிந்திருக்க வேண்டும். சென்னையில் இளம் வழக்கறிஞர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாய் வழங்க அறிவுறுத்துமாறு, ஜூன் மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம் பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் வழக்கறிஞர் பதிவுக்கு 125 ரூபாய்க்கு மேல் பார் கவுன்சில்கள் வசூலிக்கக்கூடாது என்று ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சட்டம் நமக்கு வாயிலைத் திறந்தே வைத்துள்ளது. அலுவலகங்களின் கதவைத் திறக்க, உத்தரவிட்ட தொகை உண்மையில் வழங்கப்படுகிறதா என மாணவர் அமைப்புகள் கேட்கத் தொடங்க வேண்டும். தனிநபர் ஒருவர் இணையவழியில் ஒரு பெயரைப் பதிவுசெய்ய விண்ணப்பிக்கும் கட்டணம் வகுப்புக்கு 4,500 ரூபாய். தாம்பரம் வட்டாரத்தில் நம்மவர் நடத்தும் சிறுதொழில்களுக்கு அவ்விண்ணப்பத்தை எழுதும் கை நம்முடையதாக இருக்கட்டும்.