இளையோர் துயரும் இக்காலப் புனைகதையும்

இழப்பைப் பாடுதல் தமிழிலக்கியத்துக்குப் புதிதன்று. கையறுநிலை என ஒரு துறையையே வகுத்தவர் நம் முன்னோர். தந்தையை இழந்த பாரிமகளிர் பாடியதாக வழங்கும் புறநானூற்றுப் பாடல், இளம் உள்ளத்தின் துயர் இலக்கியத்தில் இடம்பெற்றமைக்குத் தொன்மையானதொரு சான்றாகும். அம்மகளிர் தம் துயரை வாய்விட்டு உரைத்தனர். இக்கால ஆங்கிலப் புனைகதையில் வரும் சிறுவர் சிலரோ உரைக்க இயலாது மௌனத்தில் ஆழ்கின்றனர். அம்மௌனத்துக்குக் காரணம் யாது? இரு நாவல்களைக் கொண்டு இதனை ஆராய்வாம்.

பற்றிக் நெஸ் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஏ மொன்ஸ்டர் கோல்ஸ்’ முதலாவது. இதன் கருவை வகுத்தவர் ஷிவோன் டவுட் என்னும் எழுத்தாளர். அவர் 2007இல் புற்றுநோயால் மறைந்தமையின், நெஸ் அதனை நாவலாக்கினார். கதைத்தலைவன் கொனர் 13 வயதுச் சிறுவன். அவன் தாயும் புற்றுநோயால் நலிகின்றாள். நள்ளிரவு கடந்து ஏழு நிமிடமாகும் வேளையில் யூ மரம் ஒன்று பூதவுருக்கொண்டு அவன்பால் வருகின்றது. தான் மூன்று கதைகள் கூறுவதாகவும், நான்காவதாக அவன் தன் உண்மையைக் கூறவேண்டும் எனவும் பணிக்கின்றது. கொனர் அஞ்சுவது பூதத்தையன்று, அவ்வுண்மையையே. தாய் பிழையாள் என்பதை அவன் உள்ளூர உணர்ந்தவன். இத்துன்பம் முடிந்தொழியாதா என விழைந்தவன். அவ்விழைவு பெருங்குற்றமெனக் கருதித் தண்டனையை நாடுகின்றான். ஆசிரியரோ இரக்கத்தால் தண்டியாது விடுகின்றனர். அவ்விரக்கமே அவனை மேலும் தனிமைப்படுத்துகின்றது.

அலி பெஞ்சமின் எழுதி 2015இல் வெளிவந்த ‘த திங் அபவுட் ஜெலிபிஷ்’ மற்றையது. நீந்தவல்ல தோழி பிரானி நீரில் மூழ்கி இறந்தாள் என்பதை அமெரிக்கச் சிறுமி சூசியால் ஏற்க இயலவில்லை. சில காரியங்கள் காரணமின்றியே நிகழும் என்று கூறும் தாயின் சொல் அவளுக்கு ஆறுதலாகவில்லை. பேச்சை ஒழித்து, நச்சு இழுதுமீனொன்றே தோழியைக் கொன்றதென நிறுவ முற்படுகின்றாள். அவ்வாராய்ச்சியின் அடியில் மறைந்து கிடப்பது பிறிதொன்று: பிரிந்துபோன அத்தோழியைத் தான் இறுதியாக இழிவுபடுத்திய செயலும், மன்னிப்புக் கேட்க வாய்ப்பின்றிப்போன ஏக்கமுமே அவை.

இருவர் மௌனத்துக்கும் வேர் ஒன்றே. இழப்பினும் கொடியது அதனோடு பிணைந்த குற்றவுணர்வு. ஒரே நெஞ்சம் தாயின் வாழ்வையும் துன்பத்தின் முடிவையும் ஒருங்கே விரும்பக்கூடும். எண்ணம் குற்றமாகாது என்று பூதம் தெளிவுறுத்துகின்றது. உண்மையை உரைத்த பின்னரே கொனர் தாயை இறுகப் பற்றவும், பின் விடைகொடுக்கவும் வல்லவனாகின்றான்.

துயருறும் சிறுவரை நோக்கி ‘அழாதே’ என்பது பெரியோர் வழக்கம். அன்பினாற் கூறும் அச்சொல்லும் சிலவேளை வாயை அடைக்கும் பூட்டாகிவிடும். அவர் கூற அஞ்சுவதைப் பொறுமையுடன் கேட்பதே மெய்யான ஆறுதல் என்பது இந்நாவல்களால் நாம் பெறும் தெளிவாகும்.