துப்பாக்கி இல்லாமலும் ஜெயிக்கலாம்!

‘இன்னும் ஒரே ஒரு மேட்ச்மா!’ - பள்ளி விட்டதும் பாப்பாரப்பட்டி வீடுகளிலும் கேட்கிற குரல்தான் இது. விளையாடுபவரின் கண்வழியே களம் விரியும் ‘ஃபர்ஸ்ட் பெர்சன் ஷூட்டர்’ விளையாட்டுகளின் ஈர்ப்பு அப்படி. செல்போனைப் பிடுங்குவதைவிட, விளையாட்டையே மாற்றினால் என்ன?

2023-ல் இந்தியாவுக்குத் திரும்பிய ‘பி.ஜி.எம்.ஐ’ துப்பாக்கிச் சண்டை விளையாட்டு, 18 வயதுக்குட்பட்டோருக்கு தினமும் 3 மணி நேரம் என வரம்பு வைத்தது. பள்ளிப் பிள்ளைக்கு அதுவே அதிகம்! வரம்பைக் குறைக்கும் வசதி பெற்றோர் கையில் வேண்டும். அதுவும் தமிழில் வேண்டும்.

அடுத்து, ஆயுதம். 1999-ல் வந்த ‘போகிமான் ஸ்னாப்’பில் துப்பாக்கிக்குப் பதில் கேமராதான். 2007-ல் வந்த ‘போர்ட்டல்’ விளையாட்டில், துப்பாக்கியால் சுட்டால் சுவரில் வாசல் திறக்கும், மூளைக்குத்தான் வேலை. இரண்டும் சக்கைப்போடு போட்டன.

கதைக்கும் பஞ்சமில்லை. தொழுநோயால் ரயிலேறத் தடை வந்தபோதும், ஊர் ஊராக நடந்தே விடுதலை முழங்கினார் சுப்பிரமணிய சிவா. 1925 ஜூலை 23-ல் அவர் கண்மூடியது பாப்பாரப்பட்டியில்தான். அவர் கண்வழியே நடந்து, ஊருக்கு ஊர் ஆள் திரட்டும் விளையாட்டு வந்தால், ‘இன்னும் ஒரு மேட்ச்’ என்று பிள்ளைகள் கேட்கும்போது அம்மாக்களும் பக்கத்தில் உட்காருவார்கள்!