சாயம் போன சுடிதார்

“சாம்பல் பூத்த மாதிரி இருக்கு, காலேஜுக்குப் போடமாட்டேன்” என்று என் பெண் ஒதுக்கிய கறுப்பு காட்டன் சுடிதாருக்கு வீட்டிலேயே சாயம் ஏற்றினேன். துணி கிழியவில்லை, நிறம்தான் போயிருந்தது. மாதக் கடைசியில் புதுசு எடுக்கப் பணம் ஏது?

காட்டனுக்கான, வெந்நீரில் கரைக்கும் சாயப்பொடி என்று கேட்டு வாங்குங்கள். பாலியஸ்டரில் அது பிடிக்காது. துணியை சோப்புப் போட்டு அலசி, ஈரத்தோடு வையுங்கள். சமையலுக்கு இனி எடுக்காத பெரிய பாத்திரத்தில், துணி தாராளமாகப் புரளும் அளவு வெந்நீர். பொடியைக் கரைத்து வடிகட்டி ஊற்றி, இரண்டு கை கல் உப்பும் போடவும். உப்பு இருந்தால்தான் சாயம் நூலில் நன்றாக ஏறும்.

இளஞ்சூட்டில் அடுப்பில் வைத்து அரை மணி நேரம் கிளறிக்கொண்டே இருக்கணும். கை வலிக்கிறதே என்று விட்டால் திட்டுத் திட்டாகிவிடும். பிறகு தண்ணீர் தெளியும்வரை அலசி, நிழலில் உலர்த்துங்கள்.

முதல் நாலைந்து துவையல் தனியாகத்தான். எங்க வீட்டுக்காரர் வெள்ளை வேட்டியைத் தூக்கிக்கொண்டு தள்ளியே நிற்கிறார்!

– ஒரு வாசகி, மதுரை