பெயரெச்சத்தில் ஒளிந்திருக்கும் கொலையாளி

ஒரு சின்னக் கேள்வி. அதிகம் யோசிக்காமல் பதில் சொல்லுங்கள். சீதையைக் கவர்ந்து சென்ற வாலி எந்த நாட்டை ஆண்டான்?

'இலங்கை' என்று மனம் முந்திக்கொண்டதா? கேள்வியை இன்னொரு முறை படியுங்கள். கவர்ந்து சென்றவன் இராவணன். வாலி ஆண்டது கிஷ்கிந்தை. இதில் வேடிக்கை என்னவென்றால், இராமாயணமே தெரியாத ஒருவர் இந்தக் கேள்வியில் ஏமாறவே முடியாது. கதை தெரிந்தவர்தான் ஏமாறுவார். 1981-இல் எரிக்சன், மேட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் விவிலியக் கதையை வைத்து இதே சோதனையைச் செய்தார்கள். மோசே தன் பேழையில் ஒவ்வொரு வகை விலங்கிலும் எத்தனை ஏற்றினார் என்று கேட்டபோது, பலரும் 'இரண்டு' என்றார்கள். பேழை நோவாவுடையது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். 'மோசே மயக்கம்' என்று இதற்குப் பெயர். வாசிக்கும் மூளை ஒவ்வொரு சொல்லையும் தராசில் நிறுத்துப் பார்ப்பதில்லை. வாக்கியத்தின் போக்குக்கு ஏறக்குறையப் பொருந்தினால் போதும், உள்ளே விட்டுவிடுகிறது.

அந்த 'ஏறக்குறைய' என்ற இடுக்கில்தான் துப்பறியும் நாவல் குடியிருக்கிறது.

மூளையை மட்டும் குறை சொல்ல வேண்டாம். கண்ணே அரைகுறையாகத்தான் பார்க்கிறது. கையை நேராக நீட்டிக் கட்டைவிரலைப் பாருங்கள். அந்த நகத்தைப்போல ஒன்றிரண்டு மடங்கு அகலம்தான் நம் கூர்மையான பார்வையின் எல்லை. விழித்திரையின் நடுவில் உள்ள மையக்குழி என்ற சிறு பள்ளத்துக்கு அவ்வளவுதான் எட்டும். அதனால் வாசிக்கும்போது கண் வரிமேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை. தவளையைப்போலத் தாவித் தாவிப் போகிறது. இதை விழித்தாவல் என்று சொல்லலாம். ஓர் இடத்தில் கால் நொடி நிற்கும், அடுத்த இடத்துக்குத் தாவும். கணக்குப் போட்டால் ஒரு மணி நேரத்தில் சுமார் 14,000 தாவல்கள். ஒவ்வொரு தாவலின்போதும் மூளை பார்வையை மங்கச் செய்துவிடுகிறது; இல்லாவிட்டால் பக்கம் முழுவதும் கலங்கித் தெரியும். அந்தக் கணங்களைக் கூட்டினால், ஒரு மணி நேர வாசிப்பில் ஏறக்குறைய ஏழு நிமிடம் நாம் எதையும் சரியாகப் பார்ப்பதில்லை. அந்த ஓட்டைகளை மூளை ஊகத்தால் அடைத்துக்கொள்கிறது. ஆக, நாவலில் துப்பறிவாளர் வந்து சேர்வதற்கு வெகு முன்பே நாம் துப்பறியத் தொடங்கிவிடுகிறோம்.

இப்போது ஒரு தடயத்தை ஒளித்து வைத்துப் பார்ப்போம். 'திருச்சியில் மருந்துக் கடை வைத்திருந்த சித்தப்பா, அறைக் கதவைத் திறந்ததும், ஐயோ என்று அலறிக்கொண்டே வாசலுக்கு ஓடிவந்தார்.' நம் கவனம் எங்கே போகிறது? அலறலுக்கு. அறைக்குள் என்ன இருந்தது என்ற கேள்விக்கு. சித்தப்பாவுக்கு விஷங்களைப் பற்றித் தெரிந்திருக்கும் என்ற சேதி, 'வைத்திருந்த' என்ற பெயரெச்சத்துக்குள் பதுங்கி நம்மைக் கடந்து போய்விட்டது. வாலி கேள்வியில் பொய் எங்கே இருந்தது என்று திரும்பிப் பாருங்கள். அங்கும் ஒரு பெயரெச்சம்தான்: 'கவர்ந்து சென்ற'.

இது வெறும் ஊகமில்லை. ஒரு பத்தியைப் படிக்கக் கொடுத்து, பிறகு ஒரே ஒரு சொல்லை மாற்றி மறுபடி காட்டும் சோதனைகள் ஆங்கிலத்தில் நடந்திருக்கின்றன. மாற்றம் முதன்மை வாக்கியத்தில் இருந்தால் பலர் கண்டுபிடித்தார்கள். அதைச் சார்ந்த கிளை வாக்கியத்தில் இருந்தால் அதிகம் பேர் கோட்டைவிட்டார்கள். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் கேத்தரின் எம்மட், மார்க் அலெக்சாண்டர் இருவரும் இந்த அறிவை எடுத்துக்கொண்டு அகதா கிறிஸ்டியின் பக்கங்களைத் துருவினார்கள். முதல் உலகப்போர்க் காலத்தில் மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்து விஷங்களைக் கற்றவர் கிறிஸ்டி. 66 துப்பறியும் நாவல்கள் எழுதியவர். எந்தச் சேதியை வாக்கியத்தின் எந்த மூலையில் வைத்தால் கண்ணில் படாது என்பதும் அவருக்கு அத்துப்படி. எந்த ஆய்வகமும் அவருக்கு அதைச் சொல்லித்தரவில்லை.

எம்மட்டும் அலெக்சாண்டரும் ஆராய எடுத்துக்கொண்ட நாவல் 1945-இல் வந்த 'ஸ்பார்க்ளிங் சயனைடு'. லண்டனில் ஓர் ஆடம்பர உணவகம். ரோஸ்மேரியின் பிறந்தநாள் விருந்து. மேசையைச் சுற்றி ஏழு பேர். ஷாம்பெயினில் சயனைடு. ரோஸ்மேரி சாய்கிறாள், தற்கொலை என்று முடிவாகிறது. ஒரு வருடம் கழித்து, அவள் கணவர் ஜார்ஜ் மிச்சமிருக்கும் அதே ஆட்களை அதே மேசைக்கு மறுபடி அழைக்கிறார். அவர்களில் ஒருத்தி ரோஸ்மேரியின் தங்கை ஐரிஸ். அவளை நேசிக்கும் ஆண்டனியும் அங்கே இருக்கிறான். தன் பழைய வாழ்க்கையை அவன் மறைக்கிறான்.

இங்கே காதல் எதற்கு? 1928-இல் அமெரிக்க எழுத்தாளர் எஸ்.எஸ். வான் டைன் துப்பறியும் கதைக்கு இருபது விதிகள் வகுத்தார். அவற்றில் மூன்றாவது, கதையில் காதல் கூடாது என்பது. புதிருக்கு அது இடைஞ்சல் என்று அவர் கருதினார். அந்த இடைஞ்சலைத்தான் கிறிஸ்டி கருவியாக்கிக்கொண்டார்.

1999-இல் சைமன்ஸ், சாப்ரிஸ் என்ற உளவியலாளர்கள் ஒரு காணொளியைக் காட்டினார்கள். வெள்ளைச் சட்டைக்காரர்கள் பந்தை எத்தனை முறை கைமாற்றுகிறார்கள் என்று எண்ண வேண்டும். நடுவில் கொரில்லா வேடமிட்ட ஒருவர் நடந்துவந்து, மார்பில் தட்டிக்கொண்டு போனார். ஏறக்குறையப் பாதிப் பேர் அவரைப் பார்க்கவே இல்லை. கவனம் என்பது டார்ச் விளக்கு மாதிரி. ஓரிடத்தில் அடித்தால் இன்னோர் இடம் இருட்டு. துப்பறியும் நாவலில் காதல்தான் அந்தப் பந்து. ஐரிஸின் மனம் தடுமாறுவதை நாம் எண்ணிக்கொண்டிருக்கும்போது, கொரில்லா மேசையைக் கடந்து போய்விடும்.

ஆனால் காதலுக்கு இதைவிட ஆழமான வேலை ஒன்றும் இருக்கிறது. காதுக்குச் சற்று மேலே, பின்பக்கமாக, மூளையின் இரண்டு மடல்கள் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. ஒருவர் என்ன நினைக்கிறார், எதை நம்புகிறார் என்று சொல்லும் கதைகளைப் படிக்கும்போது அந்த இடம் சுறுசுறுப்பாவதை 2003-இல் ரெபெக்கா சாக்ஸ், நான்சி கான்விஷர் இருவரும் காட்டினார்கள். பிறர் மனதுக்குள் என்ன ஓடுகிறது என்று கணிக்கும் இந்தத் திறனை மன அனுமானம் எனலாம். இப்போது இரண்டு கேள்விகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 'இவன் கொலை செய்திருப்பானா?' 'இவன் உண்மையாகவே நேசிக்கிறானா?' இரண்டுமே ஒருவர் மறைத்து வைத்திருக்கும் மனதைச் சிறு சைகைகளிலிருந்து படிக்கும் வேலைதான். துப்பறிவாளரும் காதல்வயப்பட்டவரும் ஒரே கலையைத்தான் பயில்கிறார்கள். ஆண்டனி ஒரு நொடி தயங்கினால், அது குற்றத்தின் தயக்கமா, காதலின் தயக்கமா? ஒரே தடயத்தை வாசகர் இரண்டு முறை எடைபோட வேண்டியிருக்கிறது.

இந்த அனுமானம் அடுக்கடுக்காக ஏறும். ஆண்டனி தன்னை நேசிக்கிறான் என்று ஐரிஸ் நம்புவதை ஜார்ஜ் அறிந்திருப்பாரோ என்று நாம் ஐயப்படுகிறோம். எண்ணிப் பாருங்கள்: நேசம், நம்பிக்கை, அறிதல், ஐயம் என்று நான்கு அடுக்கு டிபன் கேரியர். நான்கைந்து அடுக்குகளுக்கு மேல் போனால் பெரும்பாலானோருக்குப் பிடி நழுவிவிடுகிறது என்று சோதனைகள் காட்டுகின்றன. நல்ல மர்ம நாவல் அந்த விளிம்புவரை நம்மைக் கூட்டிப்போய், விழாமல் பிடித்துக்கொள்கிறது.

சரி, நள்ளிரவு தாண்டியும் புத்தகத்தைக் கீழே வைக்க முடியாதது ஏன்? 2003-இல் வுல்ஃப்ராம் ஷூல்ட்ஸின் குழு குரங்குகளுக்குப் படங்களைக் காட்டியது. படத்தைப் பொறுத்துப் பழச்சாறு கிடைக்கும் வாய்ப்பு மாறும். நிச்சயம் கிடைக்கும், நிச்சயம் கிடைக்காது என்றபோது, காத்திருக்கும் நேரத்தில் டோபமைன் செல்கள் அமைதியாக இருந்தன. பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றபோதுதான் அவற்றின் துடிப்பு மிக அதிகமாக ஏறியது. மனிதர்களிடம் வினாடி வினா நடத்திய 2009-ஆம் ஆண்டு ஆய்விலும் இதே சாயல்: விடை சுத்தமாகத் தெரியாதபோதும் ஆர்வம் குறைவு, நன்றாகத் தெரிந்தபோதும் குறைவு, தெரிந்தும் தெரியாமலும் இருக்கும்போதுதான் உச்சம். ஆண்டனியை நம்பலாமா, கூடாதா என்ற ஊசல் சரியாக அந்த உச்சியில் ஆடுகிறது.

விடை தெரிந்துவிட்டால் எல்லாம் முடிந்ததா? 2011-இல் கலிஃபோர்னியாவில் லீவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் இருவரும் எண்ணூறுக்கும் மேற்பட்டவர்களிடம் சிறுகதைகளைக் கொடுத்தார்கள். சிலருக்கு முடிவை முன்னதாகவே சொல்லிவிட்டார்கள். முடிவு தெரிந்து படித்தவர்கள், மர்மக் கதைகளைக்கூட, சற்று அதிகமாகவே ரசித்தார்கள். பின்னர் வந்த சில ஆய்வுகள் இதற்கு மாறான முடிவையும் தந்தன. என்றாலும், ஒரே கிறிஸ்டி நாவலை மூன்றாம் முறை எடுப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. முதல் வாசிப்பில் நாம் ஏமாறுகிறோம். இரண்டாவதில், எப்படி ஏமாற்றப்பட்டோம் என்பதைக் கண்ணாரப் பார்க்கிறோம். சொற்கள் அதேதான். ஆனால் அன்று காதலாகத் தெரிந்த பார்வை இன்று அச்சமாகத் தெரிகிறது. அன்று குற்றமாகத் தெரிந்த மௌனம் இன்று அன்பாகத் தெரிகிறது.

இன்றிரவு ஒரு மர்ம நாவலைக் கையில் எடுத்தால், யாராவது அலறும் வரியில் ஒரு நொடி நில்லுங்கள். அலறலை விடுங்கள், அது எங்கும் ஓடிப்போகாது. அதே வாக்கியத்தின் முன்பாதிக்குத் திரும்பி, அலறியவரைப் பற்றி என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அங்கே ஒரு பெயரெச்சம் சாதுவாக உட்கார்ந்திருக்கலாம்.